செக் இன்ஜின் லைட் எரியுதா? ஷெட்டுக்குப் போகும் முன் காரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி?

டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் வடிவ விளக்கு எரிகிறது. வண்டி வழக்கம் போலத்தான் ஓடுகிறது. ஷெட்டுக்குக் கொண்டுபோனால், "சென்சார் போயிருச்சுண்ணே, மாத்திருவோம்" என்று பதில் வருகிறது. எந்த சென்சார், ஏன் போனது, மாற்றினால் சரியாகுமா என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. மாற்றிய பத்தாவது நாள் அதே விளக்கு மறுபடியும் எரியும்.

மதுரை மாவட்டம் திருமங்கலம் போன்ற ஊர்களில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கன்னியாகுமரி செல்லும் நான்குவழிச் சாலையும், ராஜபாளையம் வழியாகக் கொல்லம் செல்லும் சாலையும் பிரியும் ஊர் அது. தினமும் மதுரைக்கு வேலைக்குப் போகும் சொந்தக் கார்கள், வாடகை டாக்ஸிகள், கப்பலூர் சிட்கோவுக்கு வந்துபோகும் வண்டிகள் என எல்லாமே சாலையை நம்பித்தான் இருக்கின்றன. வழியில் நின்றுவிட்டால் அன்றைய பிழைப்பே போய்விடும்.

அந்த மஞ்சள் விளக்கு எதற்காக எரிகிறது என்பதை கார் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருக்கிறது. அதைப் படிக்கும் வழிதான் ஓபிடி. 'ஆன்போர்டு டயக்னாஸ்டிக்ஸ்' என்பதன் சுருக்கம். வண்டி தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்ளும் ஏற்பாடு என்று சொல்லலாம்.

ஓபிடி எப்படி வந்தது?

இது மெக்கானிக்குகளின் வசதிக்காக வந்தது அல்ல. காற்று மாசைக் குறைப்பதற்காக வந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் வாகனப் புகை பெரிய பிரச்சினையாக இருந்தது. புகையைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதானால் ஓட்டுநருக்கு உடனே தெரிய வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மாடல் கார்களில் இருந்து அங்கு விதி வந்தது. 1996ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் ஓபிடி 2 கட்டாயமானது. அதோடு எல்லா நிறுவனங்களின் கார்களுக்கும் ஒரே வடிவ கனெக்டர், ஒரே மாதிரியான கோட் முறையும் வந்தன. ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயம்.

இந்தியாவில் சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில் 2010 ஏப்ரலில் பிஎஸ் 4 விதி அமலானபோது ஓபிடியும் உள்ளே வந்தது. 2013 ஏப்ரல் முதல் பிஎஸ் 4 கார்களுக்கு ஓபிடி 2 கட்டாயமானது. 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 நாடு முழுவதற்கும் விரிந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6, 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் என்று விதிகள் மேலும் இறுகின.

அதாவது 2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார் என்றால், அதில் ஓபிடி 2 இருக்கும் என்று நம்பலாம். 2013க்கும் 2017க்கும் இடைப்பட்ட கார்கள் பலவற்றிலும் இருக்கும். அதற்கு முந்தைய வண்டி என்றால் மாடலைப் பொறுத்தது.

போர்ட் எங்கே இருக்கும்?

ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு மேல் பகுதியில் குனிந்து பார்த்தால் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் தெரியும். சில கார்களில் ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்குள் இருக்கும். ஷோரூமில் சர்வீஸுக்கு விடும்போது ஸ்கேனரைச் செருகுவது இதில்தான்.

இதில் செருகும் சிறிய அடாப்டர்கள் இப்போது ஆன்லைனில் சில நூறு ரூபாயில் இருந்தே கிடைக்கின்றன. 'எல்ம் 327' என்ற பெயரில் விற்பவைதான் அதிகம். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய சிப்பின் பெயர் அது. மலிவாக விற்பவை பெரும்பாலும் அதன் நகல்கள்.

ஆண்ட்ராய்டு போனுக்கு சாதாரண புளூடூத் அடாப்டர் போதும். ஐபோனுக்கு வைஃபை அல்லது புளூடூத் 4.0 வகை பார்த்து வாங்க வேண்டும். 'டார்க்', 'கார் ஸ்கேனர்' போன்ற செயலிகளை போனில் ஏற்றி, இக்னிஷனை ஆன் செய்து இணைத்தால் வேலை முடிந்தது.

விளக்கின் நிறமும் துடிப்பும் சொல்வது என்ன?

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் பதற வேண்டாம். புகை அளவைப் பாதிக்கக்கூடிய ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். வண்டியின் இழுவையில் மாற்றம் இல்லை என்றால் மெதுவாக வீடு போய்ச் சேர்ந்து ஸ்கேன் செய்து பார்க்கலாம். ஆனால் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடக் கூடாது.

அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் விஷயம் வேறு. இன்ஜினில் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாய்க்குள் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அது விலை உயர்ந்த பாகம். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துவதுதான் நல்லது.

சிவப்பு நிறத்தில் ஆயில் கேன் விளக்கோ, வெப்பமானி விளக்கோ எரிந்தால் ஓபிடி பற்றிய பேச்சே வேண்டாம். உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் இன்ஜினே கையைவிட்டுப் போகலாம்.

கோடை எப்படிப் படிப்பது?

ஸ்கேன் செய்தால் ஒரு ஆங்கில எழுத்தும் அதன்பின் நான்கு இலக்கங்களும் கொண்ட கோட் வரும். முதல் எழுத்து எந்தப் பகுதி என்பதைக் காட்டும். இன்ஜின், கியர் சார்ந்த பவர்டிரெயின், பிரேக் போன்ற சேஸிஸ் பகுதி, ஏர்பேக் போன்ற பாடி பகுதி, கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான தொடர்பு என நான்கு வகைகள். மலிவு அடாப்டர்களில் பெரும்பாலும் பவர்டிரெயின் கோடுகள்தான் வரும். இரண்டாவது இடத்தில் 0 இருந்தால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோட். 1 இருந்தால் அந்த நிறுவனத்துக்கே உரியது.

பவர்டிரெயின் வகையில் அடிக்கடி பார்க்கக்கூடிய சில எண்கள்:

0300 – சிலிண்டர்கள் சரியாக எரியவில்லை. 0301 என்றால் முதல் சிலிண்டர், 0302 என்றால் இரண்டாவது. பிளக், காயில், இன்ஜெக்டர் என்ற வரிசையில் சந்தேகப்படலாம்.

0171 – காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

0420 – கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை.

0128 – இன்ஜின் போதுமான சூட்டுக்கு வரவில்லை. பெரும்பாலும் தெர்மோஸ்டாட் பிரச்சினை.

0562 – மின்னழுத்தம் குறைவு. பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் ஒயர் பார்க்க வேண்டும்.

0401 – புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் அமைப்பில் ஓட்டம் குறைவு. டீசல் கார்களில் கரி அடைத்துக்கொள்வது வழக்கம்.

கோட் வந்தால் பாகத்தை மாற்றிவிடலாமா?

பணம் வீணாவது இங்கேதான். கோட் சொல்வது அறிகுறியை, நோயை அல்ல. காய்ச்சல் 102 டிகிரி என்று தெர்மாமீட்டர் காட்டும். அது டெங்குவா, சளியா என்று சொல்லாது. ஓபிடியும் அப்படித்தான்.

0171 கோடை எடுத்துக்கொள்வோம். ஒரு சின்ன ரப்பர் ஓஸ் வெடித்து அதன் வழியாகக் காற்று உள்ளே போனாலும் இந்தக் கோட் வரும். ஏர் ஃப்ளோ சென்சாரில் தூசி படிந்தாலும் வரும். பெட்ரோல் பம்ப் அழுத்தம் குறைந்தாலும் வரும். இது எதையும் பார்க்காமல் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினால் பணம்தான் போகும், கோட் போகாது.

0420 வந்தால் உடனே கன்வெர்ட்டரை மாற்றச் சொல்வதும் அதேபோலத்தான். சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும், பின்பக்க ஆக்ஸிஜன் சென்சார் கெட்டிருந்தாலும், பிளக் சரியில்லாமல் போனாலும் இதே கோட் வரலாம்.

கிராமப்புற வீடுகளில் நிறுத்தப்படும் கார்களுக்கு இன்னொரு எதிரியும் உண்டு: எலி. வயல் ஓரம், மரத்தடி, கொட்டகை என்று நிறுத்திய காரின் பானெட்டுக்குள் எலி புகுந்து ஒயரைக் கடித்துவிட்டால், சம்பந்தமே இல்லாத நாலைந்து சென்சார்களின் கோடுகள் ஒரே நேரத்தில் வரும். இப்படிக் கூட்டமாகக் கோட் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஒயரிங்கையும் பேட்டரி முனைகளையும்தான்.

ஒவ்வொரு கோடும் பதிவான நொடியில் இன்ஜின் என்ன நிலையில் இருந்தது என்பதையும் கார் சேமித்து வைக்கும். அதற்கு 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று பெயர். வேகம், சூடு, ஆர்பிஎம், லோடு எல்லாம் அதில் இருக்கும். மெக்கானிக்கிடம் கோடைக் காட்டும்போது இதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டினால் தேடும் வேலை பாதியாகக் குறையும்.

கோளாறு வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். செயலியில் 'லைவ் டேட்டா' என்ற பகுதி இருக்கும். அதில் நூற்றுக்கணக்கான எண்கள் ஓடினாலும் நான்கை மட்டும் கவனித்தால் போதும்.

1. கூலன்ட் சூடு: பல சிறிய கார்களில் வெப்பமானியே கிடையாது. நீல விளக்கு, சிவப்பு விளக்கு மட்டும்தான். சிவப்பு எரியும்போது விஷயம் முற்றியிருக்கும். முள் இருக்கும் கார்களிலும் சூடு சற்றுக் கூடிக் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள்.

ஓபிடியில் உண்மையான டிகிரி தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் கார்களில் பொதுவாக 80 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு சுங்கச்சாவடி வரிசையில் நின்றால் சூடு ஏறும். ரேடியேட்டர் ஃபேன் ஓடியதும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் நல்ல அறிகுறி. ஃபேன் ஓடியும் இறங்காமல் 110ஐ நோக்கிப் போனால் ஏசியை அணைத்துவிட்டு ஓரம் கட்ட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

எதிர்ப்பக்கமும் ஒரு தவறு நடக்கிறது. "நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று அதைக் கழற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்த காரில் நான்குவழிச் சாலையில் போகும்போது சூடு 70ஐத் தாண்டாது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறையும், ஆயில் சீக்கிரம் கெடும். 0128 கோடும் வரும்.

2. ஃப்யூவல் ட்ரிம்: கம்ப்யூட்டர் தன் கணக்கைவிட எவ்வளவு பெட்ரோல் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதன் சதவீதம் இது. நீண்டகால ட்ரிம் பூஜ்யத்துக்கு மேலோ கீழோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டி மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால், விளக்கு எரியாவிட்டாலும் ஏதோ தொடங்கிவிட்டது என்று பொருள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியிருக்கிறது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், அதே அளவு காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் தேவை. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும்; இ20க்கு சுமார் 13.5 கிலோ போதும். எனவே பழைய காரில் ட்ரிம் சில புள்ளிகள் மேலே ஏறினால் அது எரிபொருள் மாற்றத்தின் விளைவாக இருக்கலாம். கோளாறு என்று முடிவு கட்டக் கூடாது. வெளியில் பொருத்திய சிஎன்ஜி, எல்பிஜி கிட் உள்ள டாக்ஸிகளிலும் ட்யூனிங் சரியில்லை என்றால் ட்ரிம் தாறுமாறாக இருக்கும்.

3. மின்னழுத்தம்: இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் 12.4க்குக் கீழே காட்டினால் பேட்டரி பலவீனமாகிவருகிறது. மைல்டு ஹைபிரிட் போன்ற சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் எண் மாறிக்கொண்டிருப்பது இயல்பு.

4. ஐடில் ஆர்பிஎம்: இன்ஜின் சூடான பிறகு ஏசி இல்லாமல் நின்றால் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 700 முதல் 850க்குள் சீராக நிற்கும். ஏறி இறங்கினால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யும் நேரம் வந்திருக்கலாம்.

இந்த எண்களை ஒருமுறை பார்த்தால் பெரிய பயன் இல்லை. வண்டி நன்றாக இருக்கும்போதே மாதம் ஒருமுறை குறித்து வைத்தால்தான், மாறும்போது தெரியும். ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்கக் கூடாது. செயலியில் பதிவாக விட்டுவிட்டு நிறுத்திய பிறகு பார்க்கலாம். இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லலாம்.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

பிஎஸ் 6 டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது அதிக வெப்பத்தில் எரித்து அதுவே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு இன்ஜின் தொடர்ந்து சற்று நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும்.

பஜார், பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம் என்று ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் இது நடக்காது. கரி சேர்ந்து கொண்டே போகும், விளக்கு எரியும், இழுவை குறையும். சில செயலிகளும் ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்களும் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்பதைச் சதவீதமாகக் காட்டும். வாரம் ஒருமுறை விருதுநகர் சாலையில் 20, 30 நிமிடம் சீராக ஓட்டி வந்தாலே பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. "ஃபில்டரைக் கழற்றிட்டு கம்ப்யூட்டர்ல ஆஃப் பண்ணிரலாம்" என்ற யோசனைக்கு மட்டும் தலையாட்டக் கூடாது. புகை கட்டுப்பாட்டை நீக்குவது அது, வாரண்டியும் கேள்விக்குறியாகும்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

ஓபிடி அடாப்டர் செலவை ஒரே நாளில் திருப்பித் தரும் இடம் இதுதான். விற்பவர் காலையில்தான் கோடை அழித்திருப்பார். நீங்கள் பார்க்கும்போது விளக்கு எரியாது. ஆனால் தடயம் இருக்கும்.

கோட் அழித்த பிறகு கார் ஓடிய தூரத்தை பல கார்களில் செயலியில் பார்க்கலாம். ஓடோமீட்டர் 60,000 கிலோமீட்டர் காட்டும் காரில் 'அழித்த பின் 12 கிலோமீட்டர்' என்று வந்தால் கேள்வி கேட்க வேண்டும். 'ரெடினஸ் மானிட்டர்' என்ற பகுதியில் பல பரிசோதனைகள் 'முடியவில்லை' என்று இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் இப்படி வரும் என்பதால், உடனே குற்றம் சொல்லிவிடவும் முடியாது. "ரெண்டு நாள் ஓட்டுங்க, திரும்ப வந்து பார்க்கிறேன்" என்று சொல்வதே சரியான வழி. உண்மையான கோளாறு இருந்தால் அதற்குள் கோட் திரும்ப வந்துவிட வாய்ப்பு அதிகம்.

கோடை அழித்தால் பிரச்சினை போய்விடுமா?

போகாது. தெர்மாமீட்டரை உதறினால் காய்ச்சல் போகாது அல்லவா, அதேதான். கோளாறைச் சரிசெய்த பிறகு மட்டுமே அழிக்க வேண்டும். அழிக்கும் முன் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுத்துக்கொள்வது முக்கியம். அழித்தால் இரண்டும் போய்விடும்.

சரிசெய்த பிறகு அழிக்காமல் விட்டாலும், பொதுவாக மூன்று முறை தொடர்ந்து கோளாறு இல்லாமல் ஓடினால் விளக்கு தானாக அணையும். மேலும் 40 முறை இன்ஜின் சூடாகி ஓடிய பிறகு கோடும் நினைவகத்தில் இருந்து நீங்கும்.

ஓபிடிக்குத் தெரியாதவை எவை?

பிரேக் ஷூ தேய்ந்தது, டயர் தேய்ந்தது, சஸ்பென்ஷன் புஷ் போனது, பெல்ட்டில் விரிசல், ஆயில் அளவு குறைவு ஆகியவற்றைப் பெரும்பாலான கார்களில் ஓபிடி சொல்லாது. ஸ்கேனில் 'கோளாறு இல்லை' என்று வந்ததற்காக டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இதுவும் வேறு வேறு. அங்கே சைலன்சரில் இருந்து வரும் புகையை அந்த நேரத்தில் அளக்கிறார்கள். ஓபிடி வண்டி ஓடும் நாளெல்லாம் கவனிக்கிறது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய மூன்று விஷயங்கள்

ஒன்று, அடாப்டரை எப்போதும் செருகியே வைக்க வேண்டாம். அந்த சாக்கெட்டில் இக்னிஷன் ஆஃப் ஆனாலும் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். வெளியூர் போய் பத்து நாள் கழித்து வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

இரண்டு, பாதுகாப்பு. 2015இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக சான்டியாகோ ஆய்வாளர்கள், இந்த சாக்கெட்டில் செருகியிருந்த ஒரு கருவிக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே காரின் பிரேக்கை இயக்கிக் காட்டினார்கள். பெயர் தெரியாத அடாப்டர், கண்ட செயலி என்று போகாமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

மூன்று, படிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். செயலியில் 'கோடிங்', 'ட்யூனிங்' என்று வரும் வசதிகளைத் தெரியாமல் தொட்டால் இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பே மாறிப்போகலாம்.

பைக், எலெக்ட்ரிக் கார்களுக்கு இது உண்டா?

பைக், ஸ்கூட்டர்களுக்கும் 2020 ஏப்ரல் முதல் ஓபிடி வந்துவிட்டது. 2023 ஏப்ரலிலும் 2025 ஏப்ரலிலும் விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆனால் கனெக்டர் வடிவம் வேறு என்பதால் கார் அடாப்டரை நேராகச் செருக முடியாது; தனி ஒயர் தேவை. எலெக்ட்ரிக் கார்களில் சாக்கெட் இருந்தாலும் மேலே சொன்ன இன்ஜின் எண்கள் அதில் வராது.

ஷெட்டில் என்ன கேட்க வேண்டும்?

எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்துவிட முடியாது, தேவையும் இல்லை. அனுபவமுள்ள மெக்கானிக்கின் காதும் கையும் கண்டுபிடிப்பதை எந்தச் செயலியும் கண்டுபிடிக்காது. ஓபிடியால் கிடைக்கும் உண்மையான லாபம், ஷெட்டில் நடக்கும் பேச்சு மாறுவதுதான்.

"லைட் எரியுதுண்ணே, என்னான்னு பாருங்க" என்பதற்குப் பதிலாக, "இந்தக் கோட் வந்திருக்கு, 60 கிலோமீட்டர் வேகத்துல வந்திருக்கு, ட்ரிம் 14 காட்டுது. ஓஸ் எதுவும் லீக் இருக்கான்னு மொதல்ல பார்த்துருவோமா?" என்று கேட்கலாம். பாகத்தை மாற்றிய பிறகு அதே எண்ணைத் திரும்பப் பார்த்து, இறங்கியிருந்தால் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.